பெயரொத்தவர்

ஒரே பெயர் வாய்த்த, மற்றபடி ஒட்டும் உறவும் இல்லாத இருவர் ஒருவருக்கொருவர் பெயரொத்தவர். பாட்டன் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பது இதில் சேராது. அதற்குரிய பழஞ்சொல் பெயரன். நற்றிணை 40ஆம் பாட்டிலேயே 'சிறந்தோன் பெயரன்' வருகிறான். அதுதான் பேரன் ஆனது. யாழ்ப்பாணத்தாருக்கோ பேரன் என்றால் தாத்தா! பெயர் இரு பக்கமும் போய்வருவதால் சொல்லும் போய்வந்திருக்கிறது.

பெயரொத்தவரை 'நாமராசி' என்பாரும் உண்டு. நாமம், ராசி இரண்டும் வடசொல். சோதிடத்தில் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு கணிக்கும் ராசியே நாமராசி. ரவிக்கும் ராமனுக்கும் அந்தக் கணக்கில் துலாம்தான், ஆனால் பெயர் ஒன்றல்ல. ஆகவே பெயரொத்தவர் என்பதே பொருந்தும். மறுபெயர், புனைபெயர் என்பன ஒரே ஆளின் இரண்டு பெயர்கள். அவற்றோடு இதைக் குழப்பக்கூடாது.

பெயரொத்தவரைப் பிரித்துக் காட்டத் தமிழில் முதலெழுத்து இருக்கிறது, அதுவும் தமிழ் முதலெழுத்தாக இருந்தால். 'எஸ்.' என்று எழுதிவிட்டால் அது ச, சி, சு, செ எதுவாகவும் இருக்கலாம். மட்டக்களப்பில் பிறந்த திறனாய்வாளர் கே. எஸ். சிவகுமாரனின் (1936–2022) 'கே' உண்மையில் கைலாயர். உரும்பிராய்ப் போராளி பொன். சிவகுமாரன் (1950–1974) வேறு ஆள். அங்கே 'பொன்.' என்ற ஈரெழுத்தே போதும், யாரும் தடுமாறுவதில்லை.

முதலெழுத்தை விட்டால் பட்டம் கைகொடுக்கும். பண்டிதமணி என்றால் சி. கணபதிப்பிள்ளை (1899–1986). பேராசிரியர் என்றால் க. கணபதிப்பிள்ளை (1903–1968). இருவரும் தமிழறிஞர், இருவரும் இலங்கையின் வடபுலத்தார். வெறும் 'கணபதிப்பிள்ளை எழுதினார்' என்று கட்டுரையில் போட்டால் எந்தக் கணபதிப்பிள்ளை என்று வாசகர் திண்டாட வேண்டியதுதான்.

கிழக்கிலங்கையில் கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் சிக்கல் இன்னொரு விதம். அரசியல் தலைவர் எம். எச். எம். அஷ்ரப்பின் மூன்று எழுத்தில் இரண்டு முகம்மது. முகம்மது என்ற பெயர் எங்கும் பரவியிருப்பதால் 'எம்.' எவரையும் பிரித்துக் காட்டாது. 'எம். அஷ்ரப்' என்று சுருக்காமல் மூன்றையும் எழுத வேண்டும்.

சில வேளை பெயரே மாறி ஒப்புமை மறைந்துவிடும். காரைதீவில் 1892இல் பிறந்த சாமித்தம்பி மகன் மயில்வாகனம் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் ஆனார். அங்கே பௌதிகப் பேராசிரியராக இருந்தவர் ஏ. டபிள்யூ. மயில்வாகனம். அடிகளின் இளமைக்கால எழுத்தைத் தேடுவோர் 'மயில்வாகனம்' என்று மட்டும் தேடினால் பௌதிகமும் கூட வரும். 'சாமித்தம்பி', 'காரைதீவு' என்ற இரண்டில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். காரைதீவைச் சேர்க்கும்போது இன்னொரு கவனமும் தேவை. அவ்வூர் அடங்கிய அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய ஏடுகளில் அந்த ஊர் மட்டக்களப்பின் கீழேயே இருக்கும்.