அந்தப் பழைய பாஞ்சோவுக்கு ஏன் கனத்த குரல்?

பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தைச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது கணீரென்ற உலோகச் சத்தமும் அதிவேக விரல்களும்தான். ரியானன் கிடென்ஸ் வாசிக்கும் பாஞ்சோ அப்படியில்லை. தாழ்ந்த சுருதி, கொஞ்சம் கரகரப்பு. 'தும்' என்று விழுந்த ஒலி உடனே அடங்கிவிடும். 1858-இல் செய்யப்பட்ட ஒரு பாஞ்சோவின் நகல் அது. அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்து, ஓபரா படித்த கறுப்பினப் பாடகி அவர். அடிமைகளாக வாழ்ந்த முன்னோரின் கதையைச் சொல்ல இந்தக் கருவி பொருந்துவதில் இயற்பியலுக்கும் பங்குண்டு என்பது என் கட்சி.

கிட்டாரில் தந்தியின் அதிர்வு, அதைத் தாங்கும் சிறு கட்டையான குதிரை வழியாக மரப்பலகைக்குப் போகிறது. பலகை கனமானது, தந்தியின் ஆற்றலைச் சிறுகச் சிறுகத்தான் வாங்கும். அதனால் ஸ்வரம் நீள்கிறது. பாஞ்சோவில் பலகைக்குப் பதில் இழுத்துக் கட்டிய தோல். எடை மிகக் குறைவு, பரப்போ அதிகம். தந்தியின் ஆற்றலை அவசர அவசரமாகப் பிடுங்கிக் காற்றில் கொட்டிவிடுகிறது. முதல் அடி உரக்கக் கேட்கும். அப்புறம் கையிருப்பு காலி.

சரி, அந்த உலோகக் கணீர் எங்கிருந்து வருகிறது? இதற்கு விளக்கம் தேடியவர் டேவிட் பொலிட்சர். அணுக்கருவுக்குள் இருக்கும் குவார்க் என்ற நுண்துகள்களைப் பிணைக்கும் விசையை ஆராய்ந்து 2004-இல் நோபல் பரிசு வாங்கியவர், கூடவே பாஞ்சோ பைத்தியம். தந்தி குதிரையின் மேல் ஒரு கோணத்தில் மடிந்து செல்கிறது. குதிரை நிற்பதோ தோலின் மேல், நன்றாகவே ஆடும். ஒவ்வொரு ஆட்டத்திலும் தந்தியின் இழுவிசை ஏறி இறங்க, சுருதியும் படுவேகமாக நடுங்குகிறது. காது அதை நடுக்கமாகப் பிரித்தறிவதில்லை, கணீரென்ற ஒலியாகவே கேட்கிறது என்கிறார் அவர்.

பழைய பாஞ்சோவில் எஃகுக்குப் பதில் குடல் நரம்பு. இழுவிசை குறைவு, உள்ளுராய்வு அதிகம். உயர் அதிர்வெண்கள் சீக்கிரம் செத்துவிடும். வீணையில் விரல் வைக்க இருப்பது போன்ற மெட்டுகளும் கிடையாது. விரல் சதையே நரம்பை அழுத்துவதால் மிச்சக் கூர்மையும் மழுங்குகிறது. ஈரக்காற்றில் தோல் வேறு தளரும்; பறையைத் தீயில் காய்ச்சும் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

ஒலி இப்படிச் சட்டென்று அடங்கினால் பாட்டில் பள்ளம் விழாதா? அங்கேதான் கழுத்தின் நடுவில் தொடங்கும் குட்டைத் தந்தி கைகொடுக்கிறது. விரல் நகம் மேலிருந்து கீழே தட்டும். அடிகளுக்கு நடுவே கட்டைவிரல் அந்தத் தந்தியை மீட்டும். ஒரே சுருதி, திரும்பத் திரும்ப. செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோன்டிங்கைப் பாருங்கள்: சுரைக்குடுக்கை, மேலே ஆட்டுத்தோல், மூன்று தந்திகள், அதில் ஒன்று குட்டை, அதே நகத்தட்டு. இதுதான் நேர் மூதாதையா என்பதில் வாதம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் இதன் உறவுக் கருவிகள் ஏராளம். ஆனால் அங்கிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் கைகளில்தான் பாஞ்சோ உருவானது. பின்னாளில் அது வெள்ளையர் வாத்தியம் என்றே பெயர் வாங்கிவிட்டது.

இந்தப் பெயரைத்தான் கிடென்ஸ் மேடைதோறும் கேள்வி கேட்கிறார். வட கரோலினாவின் பூன் நகரில் 2005-இல் கறுப்பினப் பாஞ்சோ கலைஞர்கள் கூடினார்கள். அதன் பிறகு அவரும் நண்பர்களும், எண்பது வயதைத் தாண்டிய ஃபிடில் கலைஞர் ஜோ தாம்சனின் வீட்டுக்குப் போய்ப் பாடம் கேட்டார்கள். எழுதி வைக்காத மரபு. பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துத்தான் கற்க முடியும்.

2017-இல் வந்த கிடென்ஸின் பாடல் ஒன்றுக்கு மூலம் ஒரு பழைய அடிமை விற்பனை விளம்பரம். விலைக்கு இருப்பவள் ஓர் இளம்பெண். அவளுக்கு ஒன்பது மாதக் குழந்தை. அதையும் சேர்த்து வாங்குவது வாங்குபவர் விருப்பம். அந்தத் தாயின் குரலில் கிடென்ஸ் பாடுகிறார். எஃகுத் தந்தி இருந்திருந்தால், சொற்கள் தெளிவாகக் கேட்க உதவும் அதே உயர் அதிர்வெண்களில் குரலோடு மல்லுக்கு நின்றிருக்கும். இந்தப் பாஞ்சோ கீழே தாளத்தைப் பிடித்துக்கொண்டு வழி விடுகிறது.