டொமைன்: ஆள்களமா, ஆட்களமா, முகவரியா?

இணையதளத்துக்கோ மின்னஞ்சலுக்கோ நாம் பதிந்துவைக்கும் பெயரை, அதாவது டொமைன் நேம் என்பதைத் தமிழில் ஆள்களப்பெயர் என்று எழுதுகிறோம். முதன்முறை படிப்பவருக்கு இது சற்றுக் கரடுமுரடாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு யாரோ ஒட்டவைத்த சொல் என்று நினைத்தேன். மூலச்சொல்லின் வேரைத் தேடிப் பார்த்த பிறகு எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். சிறு தொழிலுக்குப் பெயர் தேடுபவருக்கும் இந்த வேர் கொஞ்சம் உதவும்.

லத்தீனில் டோமுஸ் என்றால் வீடு. வீட்டுக்கு உடையவர், தலைவர் டோமினுஸ். அவருக்குரிய உடைமைக்கும் ஆளுரிமைக்கும் 'டோமினியம்' என்று பெயர். இது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஒரு பிரபு தன் நேரடி ஆளுகையில் வைத்திருக்கும் நிலத்தைக் குறித்தது. ஆண்டுகளுக்குப் பக்கத்தில் ஏ.டி. என்று போடுகிறார்களே, அதன் விரிவான 'அன்னோ டோமினி'யில் இருப்பதும் இதே டோமினுஸ்தான். ஸ்பானிய மொழியில் மதிப்புக்குரியவர் பெயருக்கு முன்னால் வரும் 'டான்' இதன் தேய்வு. நம் சினிமா அந்த மரியாதையைக் கடத்தல்காரர்களுக்குக் கொடுத்துவிட்டது, அது வேறு கதை.

அன்னோ டோமினியைத் தமிழில் சொன்னால் 'ஆண்டவரின் ஆண்டில்' என்று வரும். ஆண்டவர் என்ற சொல்லுக்கு வேர் எது? ஆள். டோமினுஸுக்குத் தமிழ் ஏற்கெனவே கண்டுவைத்திருந்த அதே வேரிலிருந்துதான் ஆள்களமும் வருகிறது. சொல்லை உருவாக்கியவர் இதை நினைத்தாரோ இல்லையோ, பொருத்தம் அச்சு அசலாக அமைந்துவிட்டது.

சரி, கணினிக்காரர்களுக்குப் பிரபுவின் நிலம் எதற்கு? தொடக்கத்தில் வலையமைப்பிலிருந்த கணினிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் அந்தக் கோப்பைப் பராமரித்தார்கள்; மற்றவர்கள் அதை அவ்வப்போது இறக்கிக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இந்த ஏற்பாடு திணறியது. 1981இல் கணினி அறிஞர் டேவிட் மில்ஸ் எழுதிய ஒரு தொழில்நுட்பக் குறிப்பின் தலைப்பிலேயே 'டொமைன்' வந்துவிட்டது. 1983இல் இன்னொரு கணினி அறிஞர் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த முறைதான் இன்றும் ஓடுகிறது. அதன் கரு எளியது: எல்லாப் பெயரையும் ஒருவரே காக்க வேண்டாம், பகுதி பகுதியாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியை அந்தந்தப் பொறுப்பாளரே ஆளட்டும். பெயரின் கடைசியில் வரும் காம், ஆர்க் போன்ற ஈறுகள் 1984 அக்டோபரில் வரையறுக்கப்பட்டன. காம் என்ற ஈற்றில் முதலில் பதிவான பெயர் சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனத்துடையது. நாள் 1985 மார்ச் 15.

ஆகவே இந்தச் சொல்லுக்குள் இருப்பது இடம் மட்டும் இல்லை, அதிகாரமும்தான். நீங்கள் பதிந்த பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து கடை, உதவி, அஞ்சல் என்று எத்தனை உட்பெயர்களையும் நீங்களே உண்டாக்கலாம். யாரையும் கேட்க வேண்டாம், தனிக் கட்டணமும் இல்லை. உங்கள் எல்லைக்குள் நீங்கள்தான் டோமினுஸ்.

இனி இலக்கணம். ஆள்களம் என்பது வினைத்தொகை. ஆடுகளம் போல, கொள்கலம் போல. வினைத்தொகையில் புணர்ச்சி மாற்றம் வராது. கொள்கலத்தைக் 'கொட்கலம்' என்று எழுதுவதில்லை அல்லவா? அதனால் 'ஆட்களம்' என்று எழுதுவது பிழை. அப்படி எழுதினால் ஆள் என்பது பெயர்ச்சொல்லாகி, ஆட்கள் கூடும் களம் என்றாகிவிடும். 'பெயர்' என்ற சொல்லோடு சேரும்போது மட்டும் ஆள்களப்பெயர் என்று ஒற்று மிகும்.

வேறு சொற்களும் புழங்குகின்றன. 'இணைய முகவரி' பொருந்தாது: முகவரி என்பது ஒரு பக்கத்துக்கான முழு வழி, ஆள்களப்பெயர் அதில் ஒரு துண்டு. 'தளப்பெயர்' காதுக்கு இனிமையானதுதான். ஆனால் தளமே இல்லாமல் மின்னஞ்சலுக்காக மட்டும் பெயர் பதிந்து வைத்திருப்பவர்கள் ஏராளம். 'களப்பெயர்' சுருக்கமாக இருக்கிறது, ஆளுகைதான் விடுபட்டுப் போகிறது. கணிதப் பாடநூல்கள் டொமைனை மதிப்பகம் என்கின்றன. அதை இங்கே இழுத்துவந்தால் குழப்பமே மிஞ்சும். எழுத்தில் ஆள்களப்பெயர், பேச்சில் டொமைன் என்று வைத்துக்கொண்டால் எனக்கு மனக்குறை இல்லை.

நல்ல ஆள்களப்பெயர் எது என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது காதை. தொலைபேசியில் ஒருமுறை சொன்னதும் எதிர்முனையில் இருப்பவர் பிழையின்றித் தட்டச்சு செய்ய வேண்டும். தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் வைக்கும்போது இங்கேதான் சறுக்கும். 'வழி' என்ற பெயருக்கு ஒருவர் இசட், எச் போடுவார், இன்னொருவர் எல் மட்டும் போடுவார். ழ, ள, ல மூன்றும் அந்த ஒற்றை எல்லில் போய் விழுகின்றன. 'தேன்' என்று வைத்தால் நெடிலைக் காட்டுவது எப்படி? டி, எச், ஈ, என் என்று எழுதினால் ஆங்கிலத்தில் 'தென்' என்ற வேறு சொல்லாகிவிடும். இப்படி இழுபறியான பெயரை விட்டுவிடுவதே மேல். விட மனமில்லை என்றால், மக்கள் வழக்கமாக எழுதும் இரண்டு வடிவங்களையும் பதிந்து, ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுங்கள்.

அடுத்தது, இடைவெளி. ஆள்களப்பெயரில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. நம் இலக்கணம் பொதுமொழி என்று ஒன்றைச் சொல்லும்: 'தாமரை' ஒரு பூ, பிரித்தால் தாவும் மரை, 'பலகை' ஒரு மரத்துண்டு, பிரித்தால் பல கைகள். இரண்டு சொற்களை ஒட்டி எழுதிய பெயரை அதுவரை பார்த்திராத ஒருவரிடம் காட்டி, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே பிரிக்கிறார் என்பதில் சில சமயம் முகம் சிவந்துபோகும். இடைக்கோடு போட்டுத் தப்பிக்கலாம், ஆனால் 'நடுவுல ஒரு கோடு' என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எண்ணைச் சேர்த்தாலும் அதே தொல்லை: இலக்கமா, எழுத்தா?

நேரடியாகத் தமிழ் எழுத்திலேயே பதியலாம். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று மூன்று தமிழ் ஈறுகள் இருக்கின்றன. ஆனால் உள்ளே அந்தப் பெயர், எக்ஸ், என், இரண்டு கோடுகள் என்று தொடங்கும் ரோமன் எழுத்துச் சரமாக மாற்றப்பட்டே இயங்குகிறது. சில செயலிகளில் அந்தச் சரமே வெளியில் எட்டிப் பார்க்கும். இரு புள்ளிகளுக்கு நடுவே 63 குறிகளுக்கு மேல் கூடாது என்ற வரம்பும் அந்தச் சரத்துக்குத்தான். தமிழ் எண்கள் இன்னொரு வம்பு: ௧ என்ற எண்ணும் க என்ற எழுத்தும், ௭ என்ற எண்ணும் எ என்ற எழுத்தும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே. தமிழ்ப் பெயரை ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், கூடவே ரோமன் வடிவம் ஒன்றும் இருக்கட்டும். தேர்ந்த பெயர் வேறொருவரின் பதிவுபெற்ற வணிகக்குறியாக இல்லை என்பதையும் பார்த்துவிடுங்கள். 1999 முதல் இதற்கென்றே உலகளாவிய வழக்குத்தீர்வு முறை இருக்கிறது, அதில் தோற்றால் பெயர் கைமாறிவிடும்.

இவ்வளவு ஆளுகை பேசினாலும், 'டொமைன் வாங்கினேன்' என்ற பேச்சு முழு உண்மை இல்லை. யாரும் வாங்குவதில்லை, குத்தகைக்கு எடுக்கிறோம். காம் போன்ற பொது ஈறுகளில் ஓராண்டு முதல் பத்தாண்டு வரை எடுக்கலாம், பிறகு புதுப்பிக்க வேண்டும். கெடு தவறி நீக்கப்பட்டால் மீட்க 30 நாள் உண்டு, கட்டணம்தான் கையைக் கடிக்கும். அதற்குப் பின் 5 நாளில் பெயர் பொதுவுக்குப் போய்விடும், யாரும் எடுக்கலாம். வினைத்தொகை முக்காலத்தையும் காட்டும் என்பார்கள். ஆளும் களம், ஆளப்போகும் களம் என்பதோடு, ஆண்ட களம் என்ற பொருளும் அதற்குள் இருக்கத்தான் செய்கிறது.

கெடுவைவிடக் கவலைக்குரியது பதிவேடு. தளம் வடிவமைத்துக் கொடுப்பவரே பெயரையும் பதிந்து தரும்போது, பதிவுரிமையாளர் என்ற இடத்தில் பல சமயம் அவர் பெயரே ஏறிவிடுகிறது. பணம் கட்டியவர் நீங்கள், பதிவேட்டின்படி டோமினுஸ் அவர். உறவு முறிந்த பிறகு இதைச் சரிசெய்வது பெரும்பாடு. பதிவான அன்றே, பெயரைப் பதிந்துதரும் நிறுவனத்தில் உள்ள கணக்குக்குள் நுழைந்து, உரிமையாளர் பெயரும் மின்னஞ்சலும் உங்களுடையவையா என்று பார்த்துவிடுங்கள். அந்த மின்னஞ்சல் இதே ஆள்களப்பெயரில் இருக்க வேண்டாம். பெயர் காலாவதியானால் புதுப்பிக்கச் சொல்லும் கடிதமும் அதோடு வராமல் போகும்.