பளபளப்பு பவுடரில் இல்லை

சுழலும் பேரலில் பவுடரும் தண்ணீரும் சேர்த்துக் கல்லை உருட்டி மெருகேற்றுகிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் பைகளில், இந்த மாதத்தில் இது நான்காவது. "அண்ணா, பாலிஷ் பவுடர்ல மூணு வாரம் ஓட்டிட்டேன், ஒண்ணும் வரல. நல்ல பவுடரா சொல்லுங்க" என்றபடி ஒரு தம்பி மேஜையில் கற்களைக் கொட்டினார். எல்லாம் அகேட், ஜாஸ்பர் என்ற குவார்ட்ஸ் வகைக் கற்கள். நனைத்தால் கண்ணாடி மாதிரி இருக்கிறது, காய்ந்தால் சாம்பல் பூத்துவிடுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், கல் முழுக்க மயிரிழைக் கீறல்.

பளபளப்பு கடைசிப் பவுடரில் வருகிறது என்று யார் சொல்லி வைத்தார்களோ! 60/90 என்ற கரடான சிலிக்கான் கார்பைடு பவுடர் கல்லுக்கு உருவம் கொடுக்கிறது (எண் கூடக்கூடத் துகள் சிறிது). அது போட்ட கீறலை 120/220 எடுக்கும், 220 போட்டதை 500 எடுக்கும். 500 விட்டுவைக்கும் மெல்லிய மங்கலை எடுப்பது மட்டும்தான் அலுமினியம் ஆக்சைடு என்ற பாலிஷ் பவுடரின் வேலை. 220-இன் கீறல் மிச்சமிருந்தால் மூன்று மாதம் ஓட்டினாலும் போகாது. விலை கூடுதலான சீரியம் ஆக்சைடு வாங்கினாலும் இதே கதைதான். 500 முடிந்ததும் கல்லைக் காயவைத்து விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். சீரான மங்கல் தெரிய வேண்டும். கீறல் தெரிந்தால் 500-க்கே திரும்பப் போக வேண்டும். ஈரக் கல்லைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஈரத்தில் சல்லிக்கல்கூட மின்னும்.

அடுத்தது சுத்தம். பழைய துகள் ஒன்று பாலிஷ் பேரலுக்குள் போனால் மொத்தக் கல்லும் வீண். பாலிஷுக்கென்று தனி பேரல் வையுங்கள். விரிசலும் குழியும் உள்ள கற்கள் துகளைப் பதுக்கி வைக்கும், முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே பிரஷ் போட்டுக் கழுவுங்கள், மூடியின் விளிம்பையும் சேர்த்து.

காங்கேயம் பக்கத்து மூன்ஸ்டோனை, அதாவது சந்திரகாந்தக் கல்லை, அகேட்டோடு கலந்து போடுகிறார்களே, அதைப் பார்த்தால் மனசு தாங்கவில்லை. 1 முதல் 10 வரையுள்ள மோஸ் கடின அளவில் அகேட் ஏறக்குறைய 7, மூன்ஸ்டோன் 6-தான். தட்டினால் இரண்டு திசையில் பிளக்கிற கல் அது. தனியாக, செராமிக் துண்டுகளோடு ஓட்டுங்கள். பேரல் மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்திருக்கட்டும். பாதி காலியாக இருந்தால் கற்கள் உருளாது, விழுந்து மோதும்.

பேரலில் சேரும் கல்தூள் சேற்றை சிங்க்கில் கொட்டவே கொட்டாதீர்கள், குழாய்க்குள் சிமென்ட் போல இறுகிவிடும். காய்ந்த தூசியை ஊதவோ பெருக்கவோ வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். அகேட்டில் இருப்பது சிலிக்கா; அந்தத் தூசி நுரையீரலுக்குள் போய்ச் செய்யும் சேதத்தைச் சரிசெய்ய வழி கிடையாது. தயவுசெய்து இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

தம்பிக்குப் புதுப் பவுடர் எதுவும் சொல்லவில்லை. 500-இல் இன்னொரு வாரம் ஓட்டி, காயவைத்துக் கொண்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.