கூரையில் விட்டுவைத்த கொழுக்கி

வெள்ளவத்தைப் பக்கம் வீடு கட்டும்போது, கூரைக்குக் கொங்கிறீற் கொட்டுமுன் மேசன் கம்பிகளுக்கிடையே ஒரு இரும்புக் கொழுக்கியைக் கட்டிவிடுவார். நாளை அதில் தொங்கப்போவது மின்விசிறியா, பிள்ளையின் ஏணையா என்று அவர் கேட்பதில்லை. இணையத்தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளைச் செய்தவர்களும் இதே வேலையைத்தான் பார்த்தார்கள். 2003இல் வெளிவந்த அந்த மென்பொருளில், அடுத்த ஆண்டு வந்த 1.2 பதிப்பிலிருந்து, நாம் எழுதும் நிரல் துண்டை மாட்ட இப்படிக் கொழுக்கிகள் உண்டு. பெயரே ஹூக்தான்.

ஒரு பழைய மாணவர் சங்கத்துக்குப் பதிவுப் படிவம் செய்யவேண்டி வந்தது. வேர்ட்பிரஸ் தானாகத் தருவது பயனர் பெயர், மின்னஞ்சல் என்ற இரண்டு பெட்டிகளை. சங்கம் கேட்டதோ அடையாள அட்டை இலக்கம். முதல் தடவை வேர்ட்பிரஸின் மூலக் கோப்பையே திறந்து பெட்டியைச் செருகினேன். அடுத்த அப்டேட்டில் கோப்பு புதிதானது. பெட்டி போயே போய்விட்டது.

உண்மையில் மூன்று கொழுக்கிகள் போதும். படிவத்தை வரையும்போது 'ரெஜிஸ்டர் ஃபோர்ம்' என்ற இடத்தில் வேர்ட்பிரஸ், "இங்கே யாருக்காவது வேலை இருக்கா?" என்று கேட்கும்; பெட்டியை அங்கே மாட்டலாம். பொத்தானை அழுத்தியதும் வரும் 'ரெஜிஸ்ட்ரேஷன் எரர்ஸ்' சரிபார்க்க. கணக்கு உருவான பின் வரும் 'யூசர் ரெஜிஸ்டர்' சேமிக்க. பெட்டியை மட்டும் மாட்டிவிட்டு மற்ற இரண்டையும் மறந்தால், ஆட்கள் எழுதுவது எங்கும் போய்ச் சேராது.

சுவையான இடம் சரிபார்ப்பு. இலங்கையின் பழைய அடையாள அட்டையில் ஒன்பது எண்களும் 'வீ' அல்லது 'எக்ஸ்' எழுத்தும். 2016இலிருந்து வந்ததில் 12 எண்கள். புதியதில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு அதில் 500 கூட்டுவார்கள். 2003 பெப்ரவரி 3 பிறந்த ஆணின் இலக்கம் 2003034 என்று தொடங்கும், பெண்ணுடையது 2003534. அந்த மூன்று எண்ணும் 1–366க்குள்ளோ 501–866க்குள்ளோ இல்லையென்றால் எங்கோ விரல் தவறியிருக்கிறது.

ஹூக்கில் இரண்டு சாதி. ஆக்‌ஷன் வேலையைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். ஃபில்டரோ கையில் வாங்கியதைத் திருப்பித் தந்தே ஆகவேண்டும். சரிபார்க்கும் கொழுக்கி இரண்டாவது சாதி. திருப்பித் தரும் 'ரிட்டர்ன்' வரியை நான் எழுத மறந்தேன். பெட்டி அழகாகத் தெரிந்தது. பொத்தானை அழுத்தியதும் பக்கம் செத்தது. பிழைப் பட்டியலுக்காகக் கை நீட்டிய வேர்ட்பிரஸுக்குக் கிடைத்தது வெறுமை. ஒரே கொழுக்கியில் பலர் மாட்டினால் முன்னுரிமை எண் சிறியவர் முதலில். சொல்லாவிட்டால் எல்லோருக்கும் 10.

வேர்ட்பிரஸைப் போன்ற இன்னொரு மென்பொருளான ட்ரூபல் இன்னும் தாராளம். 'ஃபோர்ம் ஆல்ட்டர்' கொழுக்கியிடம் முழுப் படிவத்தையும் கொடுத்து, கூட்டு, குறை, உன் இஷ்டம் என்று விட்டுவிடும்.

படிவம் ஏறியதும் வந்த முதல் முறைப்பாடு, 'வீ'யைச் சின்ன எழுத்தில் அடித்த ஒரு மூத்த அண்ணாவுடையது. எழுத்தைப் பெரிதாக்கும் ஒரு வரியைச் சரிபார்ப்புக்கு மேலேயும், அதையே சேமிக்கும் இடத்திலும் சேர்த்தேன். இம்முறை மூலக் கோப்பைத் திறக்கவே இல்லை.