போற ரயிலா, வார ரயிலா?

செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் சாலையில் பஸ்ஸில் போனவர்கள் கழுதுருட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்திருப்பார்கள். 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய மலைப்பாதை அது. மீட்டர் கேஜ் மாறி, அகலப்பாதையாக 2018-இல் மறுபடியும் முழுதாகத் திறந்தது. சினிமா படிக்கத் தொடங்கிய முதல் வருடம், மூன்று நிமிடக் குறும்படம் ஒன்றுக்காக அந்தப் பாலத்தில் ரயில் போவதை இரண்டு நாள் எடுத்தேன். முதல் நாள் சாலையோரத்தில் நின்று. மறுநாள் பாலத்துக்கு அந்தப் பக்கம் மேட்டில் ஏறி. இரண்டு நாளும் ரயில் கொல்லத்துக்குத்தான் போனது. கதையும் எளிதுதான்: ஒரு பாட்டி செங்கோட்டையில் ரயில் ஏறி, கொல்லத்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறாள்.

இரண்டு ஷாட்டையும் அடுத்தடுத்து ஒட்டி அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்: "ஏய்யா, இது போற ரயிலா, வார ரயிலா? மகளப் பாக்காமலே திரும்பிட்டாளா?"

அம்மா திரையில் இருந்ததைச் சரியாகத்தான் படித்திருக்கிறாள். ஒரு ஷாட்டில் ரயில் இடமிருந்து வலம் போகிறது, அடுத்ததில் வலமிருந்து இடம். நேரில் நிற்கும்போது மலை, ஆறு, சாலை, வெயில் வரும் திசை எல்லாம் சேர்ந்து எது மேற்கு என்று நமக்குச் சொல்லிவிடும். ஃப்ரேமுக்குள் அதெல்லாம் கிடையாது. பார்ப்பவருக்கு இடம், வலம் இரண்டுதான் திசை. அதை வைத்தே அவர் மூளை மொத்த இடத்தையும் கட்டிக்கொள்கிறது.

இந்த இடம், வலம் குழம்பாமல் இருக்கத்தான் 'இமேஜினரி லைன்', அதாவது கற்பனைக் கோடு, என்று ஒன்றைச் சொல்வார்கள். ரயில் போகும் பாதையில் ஒரு கோடு; இரண்டு பேர் பேசினால் அவர்களை இணைக்கும் ஒரு கோடு. கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில், 180 டிகிரி அரைவட்டத்துக்குள் நிற்கும்வரை இடமும் வலமும் மாறாது. தாண்டினால் ஷூட்டிங் ஸ்பாட்டில் "லைன் கிராஸ் ஆகுது" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். எங்கள் ஊர்க்காரருக்கு எல்லைக் கோடு புதிதில்லை. செங்கோட்டையே 1956 நவம்பர் 1-க்கு முன்பு திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர்தான்.

கேரள எல்லையோரம் புளியரையில் ஒரு டீக்கடை. வடக்கே பார்த்து கேமராவை வைத்தால் கேரளம் இடப்பக்கம். ஆரியங்காவு கணவாய் இறங்கி வந்த லாரி டிரைவர் இடப்பக்கம் உட்கார்ந்து வலது பார்க்கிறார். மலையேறப் போகிறவர் வலப்பக்கம் உட்கார்ந்து இடது பார்க்கிறார். இருவரையும் தனித்தனி க்ளோசப்பில் எடுத்தாலும் இந்தப் பார்வை மாறக்கூடாது. ஒருவர் வலது, மற்றவர் இடது பார்த்தால், இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். காலையில் ஒருவரையும் சாயங்காலம் மற்றவரையும் எடுத்திருந்தால்கூட! இருவரும் ஒரே திசையில் பார்த்தால், எதிரெதிரே உட்கார்ந்து பேசியவர்கள்கூட மூன்றாவது ஆள் ஒருவரை வேடிக்கை பார்ப்பது போல ஆகிவிடும்.

சரி, இந்தக் கோடெல்லாம் இருக்கட்டும். ஒரு ஷாட்டை வெட்டி அடுத்ததை ஒட்டும் கட் என்பதே எப்படி நம் கண்ணை உறுத்தாமல் போகிறது? ஒரு நொடிக்கு முன் கடை முழுக்கத் தெரிந்தது, இப்போது ஒரு முகம் மட்டும் தெரிகிறது. இயற்கையில் இப்படி எதுவும் நடப்பதில்லையே என்று முதலில் எனக்குத் தோன்றியது. ஆனால் நம் கண்ணே நாளெல்லாம் கட் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறது.

கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த நகத்தளவுதான் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும் பகுதி. மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் நொடிக்கு மூன்று தடவை போல ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குத் தாவுகிறது. தாவும் அந்தச் சிறு கணத்தில் வரும் கலங்கலான காட்சியை மூளை அமுக்கிவிடுகிறது. சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

இதோடு இமைப்பும் சேர்கிறது. வால்டர் மர்ச் என்ற எடிட்டர், தான் கட் வைக்க நினைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நடிகர் கண் இமைப்பதை எடிட்டிங் டேபிளில் பார்த்து வியந்தார். ஒரு எண்ணம் முடியும் இடத்தில் மனிதன் இமைக்கிறான் என்பது அவர் கணிப்பு. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரே கதைப்படத்தைப் பலருக்குப் போட்டுக் காட்டியபோது, பார்த்தவர்கள் ஏறக்குறைய ஒரே கணங்களில், ஒரு செயல் முடியும் இடங்களில், சேர்ந்து இமைத்தார்கள். எனக்கு இதைப் படித்த நாளிலிருந்து கட் பாயிண்ட் தேடுவது வேறு வேலையாகிவிட்டது. எடுத்த ஃபுட்டேஜை ஓடவிட்டு, என் கண் எங்கே போக ஆசைப்படுகிறது என்று கவனிக்கிறேன்.

வைட், மிட், க்ளோசப் என்று ஷாட்டுகளை மனப்பாடம் செய்வதைவிட இப்படிப் புரிந்துகொள்வது மேல். டீக்கடைக்குள் நுழைகிற ஆள் முதலில் என்ன பார்ப்பார்? எத்தனை பேர், எங்கே இடம் இருக்கிறது. அது வைட். யாரோ பேச ஆரம்பித்தால் அவர் இடுப்பிலிருந்து தலைவரை: மிட். பேசுகிறவர் குரல் தழுதழுத்தால் முகம் மட்டும். கேட்கிறவர் தோளையும் சேர்த்துக் காட்டுவதை நம் யூனிட்டுகளில் 'சஜஷன்' என்பார்கள். எதிரில் ஒரு ஆள் இருக்கிறார் என்று தோள் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும்.

முகத்தை மட்டும் காட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1910-களின் கடைசியில் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ், ஒரு நடிகரின் உணர்ச்சியில்லாத முகத்தை எடுத்து அதோடு ஒரு சூப் கிண்ணம், சவப்பெட்டியில் ஒரு குழந்தை, சாய்ந்து படுத்திருக்கும் ஒரு பெண் என்று மாறி மாறி ஒட்டினார். பார்த்தவர்கள் முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டதாகச் சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் ஆய்வுக்கூடத்தில் திரும்பச் செய்தபோது 1992-இல் அந்த விளைவு கிடைக்கவில்லை, 2016-இல் கிடைத்தது. எது ஆனாலும் நீங்களே செய்து பார்க்க வேண்டிய சோதனை இது. டீ மாஸ்டர் சும்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்த முகத்தை நான் எடுத்து வைத்திருந்தேன். அதற்கு அப்புறம் சாரல் விழும் காலி ரோட்டை வைத்தால் வியாபாரம் இல்லாத கவலை. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும் பிள்ளையை வைத்தால் அதே முகத்தில் பாசம். மாஸ்டர் அந்த நேரத்தில் பால் பொங்குகிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தாராம்.

இதெல்லாம் பிறவியிலேயே வருவதா, படம் பார்த்துப் பழகியதா? துருக்கியில் மலைக்கிராமம் ஒன்றில் அதுவரை சினிமாவோ டிவியோ பார்க்காத பெரியவர்களுக்குச் சிறு படங்களைக் காட்டிய ஆய்வு 2010-இல் வெளியானது. டீ போடுவது போலத் தங்களுக்குத் தெரிந்த ஒரு வேலை வரிசையாக ஓடினால் கட் அவர்களைக் குழப்பவில்லை. வீட்டை வெளியிலிருந்து காட்டிவிட்டு உள்ளே போகும் ஷாட்டை இணைப்பதுதான் சிரமமாக இருந்தது. ஆக, சில கட் கண்ணோடு வந்தவை, சில நாம் பழகிக்கொண்டவை. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இதில் உபயோகம் உண்டு: கையில் நடக்கும் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டால், கட்டின் பாதிச் சுமையை அந்த வேலையே சுமந்துவிடும்.

நான் டீ ஆற்றுவதில்தான் இதைக் கற்றேன். மாஸ்டர் வலது கையை மேலே தூக்கி ஊற்றுகிறார். வைட்டில் ஒரு தடவை முழுதாக, க்ளோசப்பில் இன்னொரு தடவை முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் வைட்டில் கை பாதி உயரம் ஏறும்போது வெட்டி, க்ளோசப்பில் அதே பாதி உயரத்திலிருந்து தொடர வேண்டும். கை நின்ற பிறகு வெட்டினால் திரையில் அசைகிற ஒரே பொருள் அந்த கட்தான். உடனே கண்ணில் படும். கை அசையும்போது வெட்டினால் கண் அசைவின் பின்னால் போய்க்கொண்டிருக்கும், ஃப்ரேம் மாறியது அதற்குள் அமுங்கிவிடும். 2008-இல் ஒரு சோதனையில், கட் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லி உட்கார வைத்தும், இப்படி அசைவின் நடுவே வெட்டியவற்றில் மூன்றில் ஒரு பங்கு பார்த்தவர்கள் கண்ணுக்குத் தப்பியது.

ஓடும் படத்தில் ஒரு தனிப்படம், அதாவது ஒரு ஃப்ரேம், திரையில் நிற்பது நொடியில் 24-இல் ஒரு பங்கு, அதாவது 42 மில்லிநொடி. கேட்க ஒன்றுமில்லாத நேரம். ஆனால் ஷாட்டுகளையும் சத்தத்தையும் வரிசையாக அடுக்கும் என் எடிட்டிங் டைம்லைனில் நுரை எழும்பும் அந்த இடத்தில் மூன்று ஃப்ரேம் முன்னே வெட்டினால் கை துள்ளியது, மூன்று பின்னே வெட்டினால் டீ இரண்டு தடவை விழுந்தது. சாரல் காலத்தில் இன்னொரு தொல்லை: வைட் எடுத்தபோது வெயில், க்ளோசப்புக்குள் மேகம். கையசைவு பொருந்தியும் வெளிச்சம் பொருந்தாமல் அந்த ஷாட்டை மறுநாள் திரும்ப எடுத்தேன்.

ஒரே ஆளை ஒரே அளவில், கேமராவைக் கொஞ்சமாக மட்டும் நகர்த்தி இரண்டு ஷாட் எடுத்து ஒட்டினால் ஜம்ப் அடிக்கும், ஆள் திடீரென்று துள்ளியது போலத் தெரியும். குறைந்தது 30 டிகிரி நகருங்கள், இல்லையென்றால் அளவை மாற்றுங்கள்.

சத்தம் வேறு உலகம். சத்தத்துக்கு நம் உடல் வெளிச்சத்தைவிட 40 மில்லிநொடி போல முன்னால் எதிர்வினை காட்டும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு ஃப்ரேம். அடுத்த சீனின் சத்தத்தை முன்கூட்டியே தொடங்கிவிட்டால், படம் மாறும்போது மனம் ஏற்கெனவே அங்கே போயிருக்கும். டைம்லைனில் அது ஆங்கில 'ஜே' எழுத்துப் போலத் தெரிவதால் ஜே கட். படம் மாறிய பிறகும் பழைய சத்தம் நீடித்தால் எல் கட். டீக்கடைத் தகரக் கூரையில் விழும் சாரலின் சத்தத்தை அப்படியே நீட்டி, ரயில் பெட்டிக்குள் பாட்டி முகத்தின்மேல் விட்டேன். இரண்டு இடமும் ஒரே மழைக்குள் வந்துவிட்டன.

பாலத்தையும் அப்படித்தான் சரிசெய்தேன். திசையைத் திருப்ப வேண்டுமென்றால் நடுவில் திசையே இல்லாத ஒரு ஷாட் வேண்டும். மறுபடி அதே ரயிலில் ஏறி, பாட்டியாக நடித்த பெரியம்மாவுக்கு நேர் எதிர் சீட்டில் உட்கார்ந்து, அவள் முகத்தை நேருக்கு நேராக எடுத்தேன். இடமும் இல்லை, வலமும் இல்லை. சாலையோர ஷாட், பெரியம்மா முகம், மேட்டு ஷாட். பாலத்தில் சக்கரம் எழுப்பும் ஓசை முகத்திலேயே தொடங்கிவிடுகிறது.

அம்மா மறுபடி பார்த்தாள். முடிந்ததும் கேட்டாள்: "மக வீடு ஸ்டேஷன்லருந்து ரொம்ப தூரமாய்யா?"