பேண்தகைமை: ‘நிலைத்தன்மை’ ஏன் பொருந்தாது?

“சமூக நிலைத்தன்மை மற்றும் வனவிலங்கு பாதுகாப்பிற்காகப் பணியாற்றும் உள்ளூர் தன்னார்வலர்கள்” என்ற தொடர், அறிக்கைகளிலும் துண்டறிக்கைகளிலும் விருது அறிவிப்புகளிலும் அச்சுப் பிசகாமல் வந்துகொண்டிருக்கிறது. ஆங்கில மூலத்தை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் இதைத் தமிழாகவே படிக்கும் ஒருவர், கலவரம் மூளாமலும் ஆட்சி கவிழாமலும் மக்களை அமைதியாக வைத்திருக்க ஒரு குழு பாடுபடுகிறது என்றும், எஞ்சிய நேரத்தில் அது புலியையும் யானையையும் பார்த்துக்கொள்கிறது என்றும்தான் பொருள்கொள்வார். சொல்ல வந்தது அதுவன்று. குளத்தைத் தூர்வாருவது, குப்பையை உரமாக்குவது, நாட்டு மரங்களின் விதை சேர்ப்பது, வலசை வரும் பறவைகளை எண்ணுவது போன்ற வேலைகளைச் செய்கிறவர்களைப் பற்றிய செய்தி அது. செய்தி இப்படித் திரிந்ததற்குக் காரணம், ‘சஸ்டெய்னபிலிட்டி’ என்ற சொல்லுக்கு நிகராக ‘நிலைத்தன்மை’ என்று எழுதும் பழக்கம். அந்த இடத்தில் ‘பேண்தகைமை’ என்றே எழுத வேண்டும் என்பது என் வாதம்.

ஆங்கிலச் சொல்லின் வேர், கீழிருந்து தாங்கிப் பிடித்தலைக் குறிக்கும் லத்தீன வினையான ‘சுஸ்தினேரே’. கருத்தின் வேர் காட்டில் இருக்கிறது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் வெள்ளிச் சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் வெட்டி வெட்டிக் காடு அருகியபோது, சுரங்க நிர்வாகியான ஹான்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ் 1713-இல் காடு வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மரம் வளரும் அளவறிந்து வெட்ட வேண்டும் என்ற கருத்துக்கு ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லைத் தந்தது அந்த நூல்தான். ஐக்கிய நாடுகள் அவையின் முயற்சியால் அமைந்த ப்ருண்ட்லண்ட் ஆணையம் 1987-இல் வெளியிட்ட அறிக்கை இதை விரித்து, வருங்காலத் தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவுசெய்துகொள்ளும் ஆற்றலுக்குக் குந்தகம் விளைவிக்காமல் இன்றைய தேவைகளை நிறைவுசெய்யும் வளர்ச்சி என்று வரையறுத்தது. 2015-இல் ஐக்கிய நாடுகள் அவை வகுத்த 17 இலக்குகளின் தலைப்பில் இச்சொல் ஏறிய பிறகு, அது எட்டாத மொழி இல்லை.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கருத்து முழுவதும் ஒரு செயலைச் சுற்றியே நிற்கிறது. எடுப்பவர் ஒருவர் இருக்கிறார். எடுக்கப்படுவது மீண்டும் வளரக்கூடியது. எடுக்கும் அளவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்தக் கட்டுப்பாடு பின்னால் வருகிறவர்களை எண்ணி ஏற்றுக்கொள்ளப்பட்டது. ‘நிலைத்தன்மை’யில் இவற்றில் எது இருக்கிறது?

‘நில்’ என்ற அடியிலிருந்து ‘நிலை’யும், அதிலிருந்து ‘நிலைத்தல்’ என்ற வினையும் வந்தன. அசையாமை, மாறாமை, அழியாமை ஆகியவையே அதன் பொருள். இதன் எதிர்ச்சொல்லைப் பார்த்தால் ஐயமே எழாது. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கு ‘நிலையாமை’ என்று பெயரிட்டு, செல்வமும் உடலும் உயிரும் நில்லாதவை என்பதைச் சொல்கிறார். அதன் முதற்குறளே “நில்லாத வற்றை நிலையின என்றுணரும் புல்லறி வாண்மை கடை” என்கிறது. பிறந்து, வளர்ந்து, இறந்து, மட்கி, மறுபடி முளைக்கும் உயிர்களின் உலகத்துக்கு நிலைத்தன்மையைக் குறிக்கோளாக அறிவிக்கும் மொழிபெயர்ப்பாளர் இந்தக் குறளைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

இலக்கியச் சான்று போதாது என்பவர்களுக்கு ஏரியையே காட்டலாம். ஆகாயத்தாமரை மூடிய ஏரியைப் போல நிலையானது வேறில்லை. தென்னமெரிக்காவிலிருந்து உலகமெங்கும் பரவிய அந்தச் செடி நீர்ப்பரப்பை மூடிவிட்டால் அடியில் ஒளி புகாது, நீரில் கரைந்த ஆக்சிஜன் குறையும், மீன் குறையும், மீனைத் தேடி வந்த பறவையும் வராது. கை வைக்காமல் விட்டுவைத்தால் அந்த ஏரி ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதாவது, சொல்லின் நேர்ப்பொருளில் அதற்கு முழு நிலைத்தன்மை வாய்த்துவிட்டது. விடுமுறை நாளில் இடுப்பளவு நீரில் இறங்கி அந்தச் செடியை இழுத்துக் கரையில் குவிக்கும் தன்னார்வலர்கள் செய்வது அந்த நிலையைக் குலைப்பது. ஒரு வேலையின் பெயர் அந்த வேலைக்கே எதிராக நிற்பதைக் காட்டிலும் பெரிய பெயர்ப்பிழை என்ன இருக்க முடியும்? தவிரவும், சூழலியலில் நிலைத்தன்மை என்பது தனிக் கலைச்சொல். இடையூறு நேர்ந்த பின் ஓர் உயிர்ச்சூழல் பழைய நிலைக்கு எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு அசையாமல் நிற்கிறது என்பதைக் குறிப்பது. இரண்டு கருத்துகளுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால், ‘இந்தப் புல்வெளி நிலைத்தன்மை உடையது, ஆனால் இங்கு நடக்கும் மேய்ச்சல் நிலைத்தன்மை உடையதன்று’ என்றெல்லாம் எழுதிவிட்டு விழிக்க வேண்டியதுதான்.

‘நீடித்த வளர்ச்சி’ என்பவர்களும் இருக்கிறார்கள். நீடித்தல் என்பது காலத்தின் நீளத்தை மட்டும் சொல்லும். நன்மை தீமை பார்க்காது. நீடித்த காய்ச்சலும் உண்டு, நீடித்த போரும் உண்டு. அதோடு ‘நீடித்த’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். இனி வரப்போகிறவர்களை எண்ணிப் பிறந்த ஒரு கருத்தை ஏற்கெனவே முடிந்துபோனதாகக் காட்டுகிறது. இலங்கைத் தமிழில் அலுவல் வழக்காக உள்ள ‘நிலைபேறான அபிவிருத்தி’, ‘நிலைபேறு’ என்ற நல்ல பழஞ்சொல்லால் ஆனதுதான். ஆனால் அதுவும் ‘நில்’ என்ற அடியிலேயே போய் நிற்கிறது. லத்தீன வேரைப் பார்த்துத் ‘தாங்குதிறன்’ என்பவர்கள், ஓரிடம் எத்தனை உயிர்களைத் தாங்கும் என்ற அளவுக்கு அச்சொல் ஏற்கெனவே வழங்குவதை மறந்துவிடுகிறார்கள்.

இவற்றிலெல்லாம் மேலானது ‘வளங்குன்றா’ என்ற சொல்லாட்சி. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாதலால் முக்காலத்துக்கும் பொருந்தும். எது குன்றக் கூடாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடும். வேளாண்மை, மீன்பிடிப்பு, காடுபடு பொருள் சேகரிப்பு ஆகியவற்றைப் பற்றி எழுதும்போது இதையே நான் பரிந்துரைப்பேன். பேச்சு வளத்தைத் தாண்டி ஒரு சமூகம் வாழும் முறைக்குப் போகும்போதுதான் இது இடிக்கிறது. காட்டையும் ஆமையையும் பறவையையும் ‘வளம்’ என்ற ஒற்றைக் கணக்கில் அடைக்கவும் எனக்கு மனமில்லை.

அதனால்தான் ‘பேண்தகைமை’. போற்றுதல், பாதுகாத்தல், விரும்புதல் என்று மூன்றையும் ஒருசேரக் கொண்டது பேணுதல். பேணுகிறவர் ஒருவர் இல்லாமல் இந்த வினையே இல்லை. கடலாமை முட்டையிடும் கரைகளில் இரவெல்லாம் நடக்கும் தன்னார்வலர்களின் வேலையை அருகிருந்து பார்த்தால் இச்சொல்லின் பொருத்தம் விளங்கும். பங்குனி ஆமை ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில் முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. நாயும் நரியும் தோண்டக்கூடிய இடமானால் முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். இட்ட சில மணி நேரத்துக்குள் அதைச் செய்துவிட வேண்டும். கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்ட பிறகு முட்டை புரண்டால் கரு இறந்துவிடும். மணலின் வெப்பம் கூடினால் பிறப்பவை பெண்களாகவே இருக்கும் என்பதால் நிழலும் பார்க்க வேண்டும். ஏழெட்டு வாரம் கழித்துக் குஞ்சுகள் மேலே வரும்போது அவற்றைக் கடலுக்கு விட வேண்டும். இவ்வளவையும் ‘நிலைத்தல்’ என்ற வினையால் சொல்ல முடியுமா? “யாதொன்றும் பேணாமை பேதை தொழில்” என்ற குறளடியில் வருகிற பேணாமைக்கு நேர் எதிரான செயல் இது.

‘பேண்தகு’ என்றால் பேணுவதற்கு உரியது என்றல்லவா பொருள், பேண இயல்வது என்று ஆகாதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் ‘தகு’ என்ற அடி தமிழில் உரிமையையும் இயல்பையும் சேர்த்தே குறிக்கிறது. ‘தகுதி’ என்ற சொல்லில் மதிப்பும் உண்டு, ஆற்றலும் உண்டு. மூலக் கருத்திலும், இப்படிச் செய்ய முடியும் என்பதோடு இப்படிச் செய்ய வேண்டும் என்ற அறமும் கலந்தே இருக்கிறது. அந்த வகையில் தமிழ்ச்சொல் ஆங்கிலச் சொல்லைவிட நேர்மையானது. பாமரருக்குப் புரியாது என்ற மற்றொரு வாதத்தை என்னால் பொருட்படுத்த முடியவில்லை. உடல்நலம் பேணுவதும் உறவைப் பேணுவதும் அன்றாடப் பேச்சில் இருப்பவை. ‘நிலைத்தன்மை’ புரிகிறது என்பது உண்மைதான். ஆனால் தவறாகப் புரிகிறது.

உண்மையில் துண்டறிக்கைக்கு இந்தப் பெயர்ச்சொல் எதுவுமே தேவையில்லை. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி வாங்கும் முறையை எடுத்துரைத்த புறநானூற்றின் 184-ஆம் பாட்டில், ‘மா’ என்ற பழைய நில அளவில் ஒன்றுக்கும் குறைந்த நிலமானாலும் விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்கு அது “பன்னாட்கு ஆகும்” என்கிறார். நூறு வயலானாலும் யானை தானே புகுந்து உண்டால், வாயில் புகுவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதே மிகுதி என்கிறார். பேண்தகைமையை இதைவிடத் தெளிவாகச் சொன்னவர் இல்லை. அவருக்கு ‘தன்மை’யில் முடியும் ஒரு பெயர்ச்சொல்லும் தேவைப்படவில்லை. இன்றைய மொழிபெயர்ப்பாளர்களோ ஆங்கிலத்தில் எங்கே பண்புப்பெயரைக் கண்டாலும் ஏதாவது ஓர் அடியோடு ‘தன்மை’யை ஒட்டிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். ‘உம்’ என்ற இடைச்சொல் இருப்பதே மறந்துபோய், இரண்டு பெயர்களுக்கு நடுவே ‘மற்றும்’ போடுவதும் இதே சோம்பலின் விளைவு. ‘ஊரின் வளம் குன்றாமல் பேணவும் காட்டுயிர்களைக் காக்கவும் உழைக்கும் தன்னார்வலர்கள்’ என்று எழுதியிருந்தால் யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்காது.

இங்கே ‘காட்டுயிர்’ என்றது தெரிந்தே சொன்னதுதான். ‘விலங்கு’ என்பதற்குக் குறுக்கு என்று ஒரு பொருள் உண்டு. குறுக்குவாட்டில் உடல் கொண்டு நாற்காலில் நடப்பவற்றுக்கு அப்பெயர் வந்தது. பறவை, தவளை, வண்ணத்துப்பூச்சி, செடிகொடி எதுவும் ‘வனவிலங்’கில் அடங்காது. சூழலியல் எழுத்தாளர் தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் ‘காட்டுயிர்’ என்பதைத் தொடர்ந்து எழுதி நிலைநாட்டிய பிறகும் பழைய சொல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது பிடிவாதம். கடலாமைக்குக் காடேது என்றால், காட்டுமல்லியில் உள்ள ‘காட்டு’ போலப் பழக்கப்படாதது, தானே வாழ்வது என்று கொள்ளலாம். ‘தன்னார்வலர்’ என்பதை மட்டும் விட்டுவிடுகிறேன். ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்’ என்ற குறளில் ‘ஆர்வலர்’ அன்புடையவரைக் குறிப்பதால், கண்டிப்பாகப் பொருள் பார்த்தால் ‘தன்மேல் அன்புடையவர்’ என்றாகிவிடும் ஆபத்து இருக்கிறது என்றாலும், வழக்கு அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

சொல்லாட்சியைப் பற்றி ஒரு குறிப்பு. பெயரடையாகப் ‘பேண்தகு’ என்றும் (பேண்தகு மீன்பிடிப்பு, பேண்தகு சுற்றுலா), பெயராகப் ‘பேண்தகைமை’ என்றும், எதிர்மறையாகப் ‘பேண்தகா’ என்றும் எழுதலாம். காண் என்பதும் தகு என்பதும் சேர்ந்து ‘காண்டகு’ என்று புணர்வதைக் காட்டிப் ‘பேண்டகு’ என்றே எழுத வேண்டும் என்பவர்களோடு இலக்கணத்தில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அப்படி எழுதினால் ‘பேண்ட’ என்பதோடு குழப்பிக்கொள்கிறவர்கள் சிரிப்பார்கள். கலைச்சொல்லுக்கு அந்தத் தலைவலி வேண்டாம். பிரித்து எழுதுவதும் உறுத்தினால் ‘பேணத்தகு’ என்று எழுதிக்கொள்ளலாம். அதில் புணர்ச்சிக் குறையும் இல்லை, பொருட்குறையும் இல்லை.