திரை வழியே சிறப்புக் கல்வி: அமெரிக்காவில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குச் சட்டம் தருவது என்ன?

பிள்ளைக்கு மூன்று வயது. பேச்சு இன்னும் சரியாக வரவில்லை, அல்லது ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இனிமேல் தெரபி எல்லாம் வீடியோ வழியாகத்தான் என்று பள்ளியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. மடியில் பிடித்து வைத்தாலும் இரண்டு நிமிடம் உட்காராத பிள்ளை திரையைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ளும் என்று பெற்றோருக்கு வயிறு கலங்கும். அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்த இடத்தில் தங்கள் உரிமையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் அடிப்படை ஐ.டி.இ.ஏ. (IDEA) என்ற, மாற்றுத்திறனாளிகளின் கல்விக்கான மத்தியச் சட்டம். 1975இல் பிறந்த சட்டம் இது. 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு அதை விரிவாக்கியது 1986ஆம் ஆண்டுத் திருத்தம். மூன்று வயது வரை எர்லி இன்டர்வென்ஷன் என்ற, கைக்குழந்தைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்குமான அரசுத் திட்டம் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது பிறந்தநாளிலிருந்து பொறுப்பு உங்கள் ஊர்ப் பள்ளி மாவட்டத்துடையது. தகுதி பெற்ற பிள்ளைக்குச் சிறப்புக் கல்வியும் அதற்குத் தேவையான தெரபியும் இலவசம். குடியுரிமை வேண்டியதில்லை, வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கும் உண்டு. பிள்ளைக்குத் தகுதி உண்டா என்று மதிப்பீடு செய்யச் சொல்லிப் பள்ளி மாவட்டத்திடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அவர்களும் காரணத்தை எழுத்தில்தான் தர வேண்டும். ஒப்புக்கொண்டால், நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். சில மாநிலங்கள் வேறு கெடு வைத்திருக்கின்றன.

அப்புறம் வருவது ஐ.இ.பி. (IEP) என்ற, அந்தப் பிள்ளைக்கென்றே எழுதும் தனிக் கல்வித் திட்டம். பிள்ளை எதைக் கற்க வேண்டும், ஸ்பீச் தெரபி வாரத்துக்கு எத்தனை நிமிடம், எந்த இடத்தில் என்பதெல்லாம் அதில் இருக்கும். கொரோனா பள்ளிகளை மூடிய நேரத்தில், 2020 மார்ச் 21 அன்று அமெரிக்கக் கல்வித்துறை ஒரு விளக்கம் வெளியிட்டது. தொலைவழிக் கற்பித்தலைச் சட்டம் தடுக்கவில்லை, தொலைபேசியிலோ வீடியோவிலோ சேவை தரலாம் என்றது. அந்தக் காலத்தில் விட்டுப்போன சேவையை ஈடு செய்ய வேண்டுமா என்பதை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஐ.இ.பி. குழு பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. இன்றும் தெரபிஸ்ட் கிடைக்காத ஊர்களிலும், உடல்நிலையால் வீட்டோடு இருக்கும் பிள்ளைகளுக்கும் வீடியோ சேவை தொடர்கிறது. ஆனால் நேரில் நடப்பதை வீடியோவுக்கு மாற்றுவது பள்ளி தன் வசதிக்காகத் தானாகச் செய்துகொள்ளும் வேலை அல்ல. ஐ.இ.பி.யை முடிவு செய்யும் குழுவில் நீங்களும் ஓர் உறுப்பினர். மாற்றத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிப்பு வர வேண்டும்.

சரி, மூன்று வயதுப் பிள்ளைக்கு வீடியோவில் எப்படிச் சொல்லித் தருவது? நல்ல தெரபிஸ்ட் பிள்ளையைத் திரை முன் உட்கார வைக்கப் போராட மாட்டார். போனை அலமாரியில் சாய்த்து வைக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பிள்ளையோடு விளையாடுவதைப் பார்ப்பார். ஒரு கையில் வாழைப்பழம், மறு கையில் பிஸ்கட். எது வேண்டும் என்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள் என்பார். அந்தப் பத்து எண்ணுவதுதான் கஷ்டம், கை தானாக நீண்டுவிடும். பிள்ளை கண்ணால் காட்டினாலும், விரலை நீட்டினாலும், ஒரு சத்தம் கொடுத்தாலும் அது பதில்தான். அரை மணி நேர அழைப்பில் பழகியதை நீங்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டிலும் குளியலிலும் செய்வீர்கள்.

ஆக, உண்மையில் பயிற்சி பெறுவது நீங்கள். பலருக்குத் தெரியாத விஷயம், பெற்றோருக்கான ஆலோசனையும் பயிற்சியும் இந்தச் சட்டத்திலேயே ஒரு துணைச் சேவையாக இருக்கிறது. பிள்ளைக்கான தெரபி நிமிடங்களோடு, உங்களுக்கான பயிற்சியையும் ஐ.இ.பி.யில் தனியாகக் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள். படங்களைத் தொட்டுப் பேச உதவும் டேப்லெட் பள்ளியில் கொடுக்கப்பட்டிருந்தால், வீட்டிலும் அது தேவை என்று குழு முடிவு செய்தால் இலவசமாக வீட்டுக்கு வரும்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேச்சு தாமதமான பிள்ளையிடம் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது தவறு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதமோ ஆட்டிசமோ கூடுவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாட்டியோடு பேசும் மொழியைப் பிடுங்கினால் இழப்பு பிள்ளைக்குத்தான். முடிந்தவரை பிள்ளை அறிந்த மொழியில் மதிப்பீடு நடக்க வேண்டும், ஐ.இ.பி. கூட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் ஏற்பாடு செய்வது பள்ளியின் வேலை, கட்டணம் கிடையாது.

ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்: எந்த அழைப்பு நடந்தது, எது ரத்தானது, எத்தனை நிமிடம். எழுதியபடி சேவை வரவில்லை என்றால் மாநிலக் கல்வித்துறையிடம் புகார் தரலாம். தவறு நடந்து ஓராண்டுக்குள் தர வேண்டும். மாநிலம் பொதுவாக 60 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். தனியாக எழுதத் தயக்கமாக இருந்தால், ஒவ்வொரு மாநிலத்திலும் மத்திய அரசு நிதியில் இயங்கும் பெற்றோர் பயிற்சி, தகவல் மையம் ஒன்றாவது இருக்கிறது. ஐ.இ.பி. தாளையும் அந்த நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கே கூப்பிடுங்கள்.